‘அவ அப்புறமா செத்திருக்கணும்’னு மேக்பெத் சொல்றது கல்மனசா?

கேட்டவங்க பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டாம் வருஷம் போல. கேள்வியை என் வார்த்தையில திருப்பிச் சொல்லிடறேன். ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகத்துல அஞ்சாவது அங்கம், அஞ்சாவது காட்சி, ராணி, அதாவது மேக்பெத்தோட பொண்டாட்டி, செத்துட்டாங்கன்னு சேதி வருது. அதுக்கு மேக்பெத் ‘ஷீ ஷுட் ஹேவ் டைட் ஹியர்ஆஃப்டர்’னு ஒரு வரி சொல்றான், அவ பேரைக்கூட சொல்லல, உடனே நாளைக்கு நாளைக்குன்னு ஆரம்பிச்சு வாழ்க்கைங்கறது ஒரு முட்டாள் சொல்ற கதை, ஒரே சத்தமும் ஆவேசமும், அர்த்தம் மட்டும் ஒண்ணும் இல்லைன்னு முடிச்சிடறான். கைடுல இதுக்கு ‘மனைவி மேல் அக்கறையின்மை’ன்னு போட்டிருக்கு, க்ளாஸ்ல ‘இது ஷேக்ஸ்பியரோட வாழ்க்கைத் தத்துவம்’னு சொல்லிக் குடுத்தாங்க, எதை எழுதறதுன்னு கேக்கறீங்க. ஆனா உங்க கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்குங்க, பொண்டாட்டி செத்த சேதி கேட்டு ஒருத்தன் அழலைன்னா அவனுக்கு துக்கம் இல்லைன்னு எடுத்துக்கலாமாங்கறது. நான் அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன், பரீட்சைக்கு வேண்டியது அதுக்குள்ளயே வந்துரும்.

என்னைப் பத்தி ஒரு வரி. கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காடு ஜில்லாவுல தமிழ்நாட்டு பார்டரை ஒட்டின ஊர், வீட்டுல தமிழ், ஆபீஸ்ல மலையாளம், நான் பொழைச்சது இங்கிலீஷ்ல. இருபத்தேழு வருஷம் காலேஜ்ல இந்த நாடகத்தை எடுத்திருக்கேன். ஆராய்ச்சிக்காரன் கிடையாது, வாத்தியார், அதனால நான் சொல்றதுல பாதி புஸ்தகத்துல இருந்தும் பாதி பசங்க கேட்ட கேள்வியில இருந்தும் வந்தது. எது எந்தப் பாதின்னு அங்கங்க சொல்லிடறேன்.

முதல்ல அந்த ஒரு வரி. இதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, ரெண்டுமே அந்தக் கால இங்கிலீஷ்ல செல்லும், இதுல சந்தேகம் இல்ல. இன்னைக்கு நாம ‘ஷுட்’னா ‘செய்யணும்’னு எடுத்துக்கறோம், அன்னைக்கு அதே சொல்லை ‘வுட்’ வர்ற இடத்துலயும் போடுவாங்க. ஒரு அர்த்தப்படி, ‘இப்ப இல்ல, அப்புறமா செத்திருக்கணும், அப்ப இந்த வார்த்தையைக் கேக்க ஒரு நேரம் இருந்திருக்கும்’. இன்னொரு அர்த்தப்படி, ‘இன்னைக்கு இல்லாட்டி என்னைக்காவது செத்துத்தான் இருப்பா, இந்த வார்த்தை வந்து சேர ஒரு நேரம் வந்துதான் இருக்கும்’. முதல்லது ஏக்கம், ரெண்டாவது கை விரிக்கறது. எங்க க்ளாஸ்ல பாதி தமிழ்ப் பசங்க பாதி மலையாளப் பசங்க, ஒரு தடவை இந்த வரியை அவங்கவங்க பாஷையில எழுதச் சொன்னேன். தமிழ்ப் பிள்ளைங்க எல்லாம் ‘அப்புறமா செத்திருக்கணும்’னு எழுதினாங்க, மலையாளப் பிள்ளைங்கள்ல சிலபேர் ‘பின்னீடு மரிச்சேனே’ன்னு எழுதினாங்க, அதாவது ‘பின்னால செத்துத்தான் இருப்பா’. ஒரே பெஞ்சுல ஒருத்தி மேக்பெத்தை துக்கப்பட வச்சுட்டா, பக்கத்துல இருந்தவ அவனை மரக்கட்டை ஆக்கிட்டா. ரெண்டு பேருக்கும் முழு மார்க் போட்டேன். மொழிபெயர்க்கறவன் ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சுதான் ஆகணும், இங்கிலீஷ் வரி சாயாம நடுவுலயே நிக்குது. இதுல ஒண்ணுதான் சரின்னு அடிச்சுச் சொல்ற கைடை நம்பாதீங்க. 18ம் நூற்றாண்டுல ஷேக்ஸ்பியரைப் பதிப்பிச்ச டாக்டர் ஜான்சனே அடுத்த வரியில ‘வேர்ட்’ங்கறது ‘வேர்ல்ட்’னு இருக்கணுமோன்னு யோசிச்சு, அப்பறம் அதுல முன்ன மாதிரி நிச்சயம் இல்லைன்னு அவரே எழுதிட்டாருன்னா பாத்துக்கோங்க.

சரி, அக்கறை இல்லைங்கறதுக்கு வருவோம். அது தப்புன்னு நாடகத்தை வச்சே காட்டலாம். ஆரம்பத்துல அவன் அவளுக்கு எழுதற லெட்டர்ல ‘என் பெருமையில பங்காளி’ங்கற மாதிரி கூப்பிடறான், நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பின அன்னைக்குக்கூட கோழிக்குஞ்சைக் கொஞ்சற மாதிரி ஒரு செல்லப்பேர் சொல்லி ‘நீ இதைத் தெரிஞ்சுக்க வேண்டாம்’ங்கறான். அதுக்கப்பறம் அந்த விருந்துக் காட்சி, பாங்கோ ஆவியா வந்து சேர்ல உக்கார்ற இடம். அதுதான் புருஷனும் பொண்டாட்டியும் மேடையில கடைசியா சேந்து நிக்கறது. மூணாவது அங்கம் நாலாவது காட்சி, அதோட சரி. இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. ரெண்டு பேரும் சேந்துதான் டங்கன் ராஜாவைக் கொலை பண்ணாங்க, அந்தக் கொலையே ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல அடைச்சிருச்சு. அவ தூக்கத்துல நடக்கறதை டாக்டரும் பணிப்பொண்ணும் பாக்கறாங்க, புருஷன் பாக்கல. ஆனா அவ நிலைமை தெரிஞ்சதும் டாக்டர்கிட்ட ‘மனசுக்கு வந்த நோவுக்கு உன்கிட்ட மருந்து இல்லையா, நெஞ்சுல அழுத்தற பாரத்தை எறக்கி வைக்க வழி இல்லையா’ன்னு கேக்கறான். தனக்கும் சேத்துத்தான் கேக்கறான்னு எனக்குத் தோணும், அது என் வாசிப்பு, எழுதி வச்சிருக்கறதுல அப்படி நேரா இல்ல. இவ்வளவு கேட்டவன் ரெண்டு காட்சி தள்ளி அவ செத்ததும் ஒண்ணுமே படாம நிப்பானா?

ஷேக்ஸ்பியருக்கு அழுகை எழுத வரலைன்னும் சொல்ல முடியாது. நாலாவது அங்கத்துல மேக்டஃப்ங்கறவனுக்கு சேதி வருது, உன் பொண்டாட்டி புள்ளைங்க எல்லாரையும் கொன்னுட்டாங்கன்னு, கொல்லச் சொன்னது மேக்பெத்தேதான். அந்த மனுஷன் நம்ப முடியாம ‘எல்லாருமா? எல்லாரும்னா சொன்னே?’ன்னு திருப்பித் திருப்பிக் கேக்கறான், பக்கத்துல இருக்கறவன் ஆம்பளையா தாங்கிக்கோன்னு சொன்னா ‘தாங்கிக்கறேன், ஆனா மனுஷனா அதை உணரவும் வேணும்ல’ங்கறான். படிக்கறப்போ இன்னைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். பொண்டாட்டி செத்த சேதி ஒரே நாடகத்துல ரெண்டு தடவை வருது. முதல் தடவை கேக்கறவனால அழ முடியுது, ரெண்டாவது தடவை கேக்கறவனால முடியல. இவ்வளவு பக்கத்துல பக்கத்துல வச்சது தற்செயல்னு நான் நம்ப மாட்டேன். சேதி வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி உள்ளே பொம்பளைங்க அலர்ற சத்தம் கேக்கறப்போ மேக்பெத்தே சொல்றான், ‘பயத்தோட ருசியே எனக்கு மறந்து போச்சு, முன்னெல்லாம் ராத்திரி ஒரு அலறல் கேட்டா மயிர் சிலுத்துக்கும், இப்ப கோரத்தை வயிறு முட்டத் தின்னுட்டேன், எதுவும் அசைக்கறதில்ல’ன்னு. மரத்துப் போச்சுங்கறதும் அக்கறை இல்லைங்கறதும் வேற வேற. கை மரத்துப் போனவனுக்கு கை வேண்டாம்னு அர்த்தமா?

இந்த இடத்துல என் சொந்த விஷயம் ஒண்ணு. எனக்கு பதினாலு வயசு இருக்கும்போது எங்க தெருவுல ஒரு அத்தை திடீர்னு போயிட்டாங்க, மாமா காட்டுல கடலைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருந்தார், போய் சொல்லுடான்னு என்னை ஓட விட்டாங்க. வரப்புல மூச்சு வாங்க நின்னு சொன்னேன். அவர் என்னையே பாத்துட்டு ‘இன்னும் ரெண்டு பாத்தி இருக்குது சாமி, பாஞ்சதும் வர்றேன், நீ போ’ன்னார். நான் போகல, பயந்து அங்கயே நின்னுட்டேன். மம்பட்டியால ஒரு மடையை அடைச்சார், இன்னொண்ணைத் திறந்தார், தண்ணி கடைசிப் பாத்தி மூலை வரைக்கும் போய்ச் சேர்ற வரை பாத்துட்டே நின்னார், மோட்டாரை ஆஃப் பண்ணார், மம்பட்டியைக் கழுவித் தோள்ல போட்டுட்டு முன்னாடி நடந்தார். ஊர்ல ரொம்ப வருஷம் அவரைக் கல்நெஞ்சுக்காரன்னு பேசினாங்க. அவருக்குள்ள அப்ப என்ன ஓடுச்சுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாதுங்க. ஆனா நான் வாத்தியாரா சேந்த புதுசுல இதே மேக்பெத் வரிக்கு ‘அக்கறையின்மை’ன்னு நோட்ஸ் சொல்லி எழுத வச்சவன்தான், ஒரு நாள் போர்டுல எழுதிட்டு இருக்கறப்போ அந்தக் கடலைக்காடு ஞாபகம் வந்து, எழுதினதை அழிச்சேன்.

இதை ஆதாரமா எடுத்துக்க வேண்டாம், நாடகத்துக்குள்ள இருக்கற ஆதாரம் வேற. ‘ஹியர்ஆஃப்டர்’ங்கற சொல்லைப் பிடிங்க, இனிமேல், வரப்போற காலத்துலன்னு அர்த்தம். இந்தச் சொல் மேக்பெத் காதுல முதல்ல விழுறது எங்க தெரியுமா, மூணு சூனியக்காரிங்கள்ல மூணாவது ஆள் ‘நீ ஹியர்ஆஃப்டர் ராஜா ஆவே’ன்னு வாழ்த்தற இடத்துல. அதே சொல்லை அவன் லெட்டரைப் படிச்ச பொண்டாட்டி அவன் வீட்டு வாசல் நுழைஞ்சதும் சொல்லி வரவேற்கறா, சொல்லிட்டு ‘வரப்போற காலத்தை நான் இந்த நிமிஷத்துலயே உணர்றேன்’ங்கறா. அப்பறம் டங்கன் ராஜா இங்கிருந்து எப்ப கிளம்பறார்னு கேக்கறா, அவன் ‘நாளைக்கு’ங்கறான், அவ ‘அந்த நாளையைச் சூரியன் பாக்கவே பாக்காது’ங்கறா. ராஜாவைக் கொல்றதுங்கற முடிவே ‘நாளைக்கு’ங்கற சொல்லை வச்சுத்தான் அந்த வீட்டுல எடுக்கப்படுது. இப்ப அஞ்சாவது அங்கத்துக்கு வாங்க, அவ செத்துட்டா, அவன் வாயில இருந்து வர்ற முதல் வாக்கியத்தோட கடைசிச் சொல் ஹியர்ஆஃப்டர், அடுத்து மூணு தடவை டுமாரோ. ரெண்டு பேரும் சேந்து அவசரப்பட்டு முன்கூட்டியே பறிச்சுத் தின்ன நாளை இருக்கே, அது இப்ப ஒண்ணொண்ணா ஊர்ந்து ஊர்ந்து வருது, தீரவே மாட்டேங்குது. தண்டனை இதுதாங்க, கத்தி வெளிய இருந்து அப்பறமாத்தான் வரும். இந்தச் சொற்கள் இந்த இடங்கள்ல இருக்கறது புஸ்தகத்தைத் திறந்தா தெரியற உண்மை, அதைக் கோத்து தண்டனைன்னு சொல்றது வாசிப்பு, ஆனா கெட்டியான வாசிப்பு.

நிஜ மேக்பெத் ஸ்காட்லாந்தை 1040ல இருந்து 1057 வரைக்கும் ஆண்டவர், பதினேழு வருஷம். டங்கனைக் கொன்னது சண்டையில, படுக்கையில இல்ல. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட் சரித்திரப் புஸ்தகத்துலயே மேக்பெத் பத்து வருஷம் நல்லா ஆண்டதா இருக்கு. நாடகத்துல அந்தப் பத்து வருஷத்துக்கு இடமே இல்ல, பட்டம் கட்டின உடனே சரிவுதான். நேரத்தை வேணும்னே இறுக்கிப் பிழிஞ்சிருக்கார்.

இப்ப விளக்கு. ‘அவுட், அவுட், ப்ரீஃப் கேண்டில்’னு அவன் சொல்றப்போ கேக்கற நமக்கு ஒண்ணு ஞாபகம் வரணும், கொஞ்ச நேரம் முன்னாடிதான் அவ தூக்கத்துல இல்லாத ரத்தக் கறையைப் போக்கக் கையைத் தேச்சுத் தேச்சு ‘அவுட், டாம்ன்ட் ஸ்பாட், அவுட்’ன்னா. அதே காட்சியில பணிப்பொண்ணு சொல்றா, அம்மா எப்பவும் பக்கத்துல ஒரு விளக்கு வேணும்னு உத்தரவு போட்டிருக்காங்கன்னு. அவ சொன்ன சொல்லு அவன் வாயில வருது, அவ பிடிச்சிருந்த விளக்கு அவன் வாயில அணையுது, ஆனா அவன் அந்த ரெண்டையும் பாத்ததும் இல்ல கேட்டதும் இல்ல. பிரிஞ்சு போன ரெண்டு பேரையும் ஷேக்ஸ்பியர் நம்ம காதுக்குள்ள மட்டும் சேத்து வைக்கறார். தமிழ்ல கறைக்கு ‘ஒழி’ன்னும் விளக்குக்கு ‘அணை’ன்னும் போட்டா இது செத்துப் போகும், ரெண்டுக்கும் ‘போ’ன்னு ஒரே சொல்லு போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, நம்ம வீட்டுல பெரியவங்க யாராச்சும் விளக்கைப் பாத்து ‘அணைஞ்சு போ’ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ‘மலையேறிருச்சு’ன்னுதான் சொல்லுவாங்க, அணைக்கணும்னாக்கூட ‘குளிர வை’ம்பாங்க. அந்தக் காதோட இந்த வரியைக் கேட்டா, விளக்கைப் பாத்து போ போன்னு சொல்ற ஆள் எந்த எல்லைக்கு வந்துட்டான்னு இங்கிலீஷ்காரனை விட நமக்கு உறைக்கும்.

அடுத்தது ‘வாக்கிங் ஷேடோ’, நடமாடற நிழல். அந்தக் காலத்துல நடிகனையும் ஷேடோன்னு சொல்லுவாங்க, அதனாலதான் அடுத்த மூச்சுல மேடையில ஒரு மணி நேரம் மினுக்கித் தவிச்சுட்டுக் காணாமப் போற ‘பாவப்பட்ட நடிகன்’ வர்றான். இதை வெறும் உவமைன்னு பாடம் எடுத்துட்டு இருந்தவன், ஒரு மாசி மாசம் மாணவங்க ரெண்டு பேரோட ஒத்தப்பாலம் பக்கம் தோல்பாவைக்கூத்துக்குப் போனேன். பகவதி கோயில் கூத்துமாடம், நீளமா வெள்ளைத் துணி, பின்னாடி வரிசையா இருபத்தொண்ணு தேங்காமூடி விளக்கு, மான் தோல் பொம்மைங்க. பாடறது கம்பராமாயணம், தமிழ்ப் பாட்டு, கேரளத்துக் கோயில்ல. பத்ரகாளி தாரிகனைக் கொல்லப் போயிருந்ததால ராம ராவண யுத்தத்தைப் பாக்க முடியல, அவ பாக்கறதுக்குத்தான் இந்தக் கூத்துன்னு ஐதீகம். ராத்திரி ரெண்டு மணிக்கு எதிர்ல நாங்க மூணு பேரும், துண்டை விரிச்சுத் தூங்கிட்டு இருந்த ஒரு பெரியவரும்தான். துணிக்குப் பின்னாடி புலவர்கள் ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்லி சொல்லி வாதாடிட்டே இருந்தாங்க, யார் கேக்கறாங்கன்னு திரும்பிக்கூடப் பாக்கல.

அதுக்கும் உங்க ரெண்டாவது கேள்விக்கும் சம்பந்தம் இருக்கு, இது ஷேக்ஸ்பியர் தத்துவமாங்கறது. அந்தக் கூத்துல பாடற கம்பன்லயே கும்பகர்ணன்கிட்ட தம்பி விபீடணன் வந்து ராமன் பக்கம் வந்துடுன்னு கெஞ்சறான். அதுக்கு கும்பகர்ணன் ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’ வரமாட்டேன்னு ஆரம்பிக்கறான், தண்ணி மேல போட்ட கோலம் மாதிரி அழியற இந்த வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, என்னை இத்தனை நாள் வளர்த்து இன்னைக்குப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பினவனுக்கு உயிரைக் குடுக்காம அங்க வரமாட்டேன்னு. வாழ்க்கை நிக்காதுன்னு இவனும் சொல்றான், மேக்பெத்தும் சொல்றான். இவன் நிக்காதுன்னு தெரிஞ்சதால கடனைத் தீக்கப் போறான், அவன் கணக்கே இல்லைங்கறான். அதே உண்மைதான், பேசற ஆள் வேற, அதனால முடிவும் வேற. கும்பகர்ணன் பாட்டைக் கம்பனோட சொந்தக் கொள்கைன்னு யாரும் சொல்றதில்ல, மேக்பெத் வசனத்தை மட்டும் ஏன் ஷேக்ஸ்பியர் தலையில கட்டறோம்? (நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, கடன் பட்டார் நெஞ்சம் போலன்னு ஒரு வரியைக் கம்பன்ல இல்லாமலே கம்பன் தலையில கட்டிட்டோம்.) விருந்தாளியா வந்த ராஜாவைத் தூக்கத்துல குத்தினவன், நண்பனைக் கொல்ல ஆள் வச்சவன், குழந்தைங்களைக் கொல்லச் சொன்னவன், அவன் உலகத்துக்கு அர்த்தம் இல்லைன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவான், இருக்குன்னு ஒத்துக்கிட்டா அவன் கதி என்ன? ஷேக்ஸ்பியர் தனிப்பட்ட முறையில என்ன நினைச்சார்னு இந்த வசனத்துல இருந்து எடுக்க வழியே இல்ல, மேக்பெத் நிலைமையை மட்டும்தான் எடுக்கலாம். மேடத்துக்கிட்ட இதை மரியாதையா கேளுங்க, சண்டை போட வேண்டாம்.

அழுகை எங்க போச்சுன்னு இன்னும் கேட்டீங்கன்னா, ஒரு சின்ன விஷயம் காட்டறேன், இதுல எனக்கே முழு நிச்சயம் கிடையாது. நாடகத்தோட வரி பொதுவா பத்து அசை. ‘ஏன் அந்த அலறல்’னு இவன் கேக்கறதும், ‘ராணி செத்துட்டாங்க’ன்னு அவனோட அதிகாரி சேட்டன் (Seyton) சொல்றதும் சேந்து ஒரு வரி ஆகிடுது. அடுத்து ‘ஷீ ஷுட் ஹேவ் டைட் ஹியர்ஆஃப்டர்’ ஏழு அசைதான், வரி ரொம்பல. 1623ல நாடகம் முதல் முதலா அச்சானப்பவே இந்த வரி இப்படிக் குட்டையாத்தான் இருக்கு. மிச்சம் மூணு அசைக்கு அவன் சும்மா நிக்கறானா, நின்னா பேசறதுக்கு முன்னாடியா பின்னாடியா, இல்ல அந்தக் காலத்துல இதையெல்லாம் யாரும் எண்ணிப் பாக்கலையா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நடிக்கறவங்க பலபேர் அங்க ஒரு மூச்சு விட்டு நிறுத்துவாங்க. நான் க்ளாஸ்ல படிச்சுக் காட்டறப்போ அந்த இடத்துல நிறுத்திடுவேன், ரெண்டு பாத்தி பாயற நேரம் வேண்டாம், ஒரு மடை திருப்பற நேரம் போதும்.

அவ எப்படிச் செத்தாங்கறதையும் அடிச்சு எழுதாதீங்க. தற்கொலைன்னு எல்லா கைடும் போடுது, ஆனா நாடகத்துல அதைச் சொல்றது கடைசியில எதிரி மால்கம், அவனும் ‘அப்படித்தான் நினைக்கறாங்க’ன்னுதான் சொல்றான். சாவு மேடைக்கு வெளிய நடக்குது, நமக்குக் கிடைக்கறது பொம்பளைங்க அலறல் மட்டும்தான்.

பரீட்சைக்கு எழுதறப்போ வசனத்தை ‘சிக்னிஃபையிங் நத்திங்’கோட முடிச்சுடாதீங்க, எல்லாரும் அங்கதான் வெட்டறாங்க. அதுக்கு அடுத்த வரியையும் சேத்துக்கோங்க. அர்த்தமில்லாத கதைன்னு சொல்லி வாய் மூடலை, ஒரு தூதன் உள்ளே வர்றான், பர்னம் காடு (அது நகர்ந்து வந்தாத்தான் மேக்பெத் தோப்பான்னு முன்னாடியே குறி சொல்லியிருக்கு) நகர்ந்து வர்றதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுட்டு நிக்கறான். அவனைப் பாத்து மேக்பெத் சொல்றான், ‘நாக்கை உபயோகிக்கத்தானே வந்தே, உன் கதையை சீக்கிரம் சொல்லு.’